கல்லூரிக் கால்பந்துக்குப் பொது மைதானம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரை வட்டாரத்தில் கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்து பெரும்பாலும் நாக்-அவுட்தான். நடப்பதும் ஏதாவது ஒரு கல்லூரியின் மைதானத்தில். முதல் ஆட்டத்தில் தோற்ற அணி அன்று மாலையே பஸ் ஏறிவிடும். விடுதி மாணவர்கள் மைதான எல்லைக்கோட்டை ஒட்டி நின்று கூச்சல் போடும்போது லைன்ஸ்மேன் கொடி தூக்கவே யோசிப்பார்.

மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களிலிருந்து எட்டு அணிகள், நான்கு நான்காக இரண்டு பிரிவு என்று ஒரு தொடர் நடத்தலாம். லீக் ஆட்டம் 12, அரையிறுதி 2, இறுதி 1. எந்த அணியும் சொந்த மாவட்டத்தில் ஆடக்கூடாது. மதுரை அணி இறுதிக்கு வந்தால் ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் கிடையாது, இரண்டுமே மதுரை அணி என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

அரங்கம் கிடைத்தால் மட்டும் போதாது, அளவு முக்கியம். 400 மீட்டர் ஓடுபாதையின் வளைவு ஆரம் வழக்கமாக 36.5 மீட்டர். அதற்குள் 105-க்கு 68 மீட்டர் என்று கோடு போட்டால், கார்னர் கொடிக்கும் பாதை விளிம்புக்கும் நடுவே ஒரு மீட்டர்தான் மிஞ்சும். கார்னர் அடிப்பவர் சிந்தெடிக் பாதையிலிருந்துதான் ஓடிவர வேண்டும். பூட்ஸ் அடியில் உள்ள ஸ்டட் வழுக்கும், பாதையும் கிழியும். அரங்கப் பொறுப்பாளர்கள் கால்பந்து என்றாலே முகம் சுளிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். 100-க்கு 64 என்று குறைத்தால் மூன்றரை மீட்டர் கிடைக்கும். சர்வதேச ஆட்டத்துக்கே அந்த அளவு செல்லும். கோடு போடச் சுண்ணாம்பு வேண்டாம். சறுக்கி விழுபவரின் தோல் வெந்துவிடும், சாக் பவுடர் போதும். கோல் கம்பத்துக்கு முன்னால் உள்ள தரை பாறையாக இறுகியிருக்கும். முந்தின நாள் மாலையே தண்ணீர் விட வேண்டும், காலையில் விட்டால் சேறுதான்.

மழையும் நவம்பர் செமஸ்டரும் பொங்கலும் முடிந்து, ஜனவரி கடைசியில் தொடங்கினால் ஐந்து சனிக்கிழமைகளில் முடித்துவிடலாம். அடுத்தடுத்த நாளில் 90 நிமிடம் ஆடவைத்தால் தொடைத்தசை பிடிப்பு நிச்சயம். வாரம் இரண்டு அரங்கம். ஒவ்வொன்றிலும் காலை 7 மணிக்கு ஓர் ஆட்டம், மாலை 4 மணிக்கு ஓர் ஆட்டம். நான்கு மணிக்குத் தொடங்கினால் வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிடும், விளக்குச் செலவு இல்லை. தூரத்து அணிகளுக்குக் காலை ஆட்டம் போடாதீர்கள். நான்கு மணிக்கு எழுந்து வேனில் வந்தவர்கள் இரண்டாம் பாதியில் நடப்பார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை கவனம் தேவை. ஒரே பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களை ஒரே அரங்கில் காலை, மாலை என்று வைத்தால், மாலையில் ஆடுபவர்களுக்குக் கணக்கு முன்பே தெரிந்துவிடும். டிரா போதும் என்றால் இரு அணியும் பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தை ஓட்டும். 'ஏ' பிரிவின் இரண்டு ஆட்டங்களும் இரண்டு அரங்கங்களில் ஒரே நேரத்தில் காலையிலும், 'பி' பிரிவு அதேபோல் மாலையிலும் நடக்க வேண்டும். ரெஃப்ரிகளும் ஆடும் அணிகளின் மாவட்டத்தைச் சேராதவர்களாக இருக்கட்டும்.

வீரர்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது ஆடப்போன நாளையும் வருகையாகக் கணக்கிடுவது) தருவதாகக் கல்லூரி முதல்வர்களிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிட வேண்டும். வாய்ப்பேச்சை நம்பினால் ஏப்ரலில் வருகைப்பதிவு 75 சதவீதத்தைத் தொடாது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம் அரங்கம் கேட்கும்போது காலை நடைப்பயிற்சிக்காரர்களையும் மறந்துவிடக் கூடாது. ஒரு வாரம் முன்பே வாசலில் அறிவிப்பு வைக்காவிட்டால், முதல் பத்து நிமிடம் அவர்களை நகர்த்துவதிலேயே போகும்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
மதுரை