செக்கு வேறு, பிள்ளைகள் வேறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நலம். நீ நடுராத்திரியில் அனுப்பியிருந்ததைக் காலையில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு "வரட்டும்" என்றார். அவ்வளவுதான், மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வராது, வகுப்பில் நின்று பேசியே பழகிய வாய். போனில் ஆரம்பித்தால் "அம்மா, கால் வருது" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

"மார்ச்சோடு வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்து மரச்செக்கு போடப்போறேன், பிள்ளைகளோடும் இருக்கலாம்" என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். செக்கு ஓர் ஆசை. பிள்ளைகளோடு இருப்பது இன்னோர் ஆசை. இரண்டுக்கும் ஒரே ராஜினாமாக் கடிதம் போதும், சரி. அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு நாளிலும் இரண்டும் தனித்தனியாகப் பங்கு கேட்கும். இது உங்கள் அப்பாவோடு குடும்பம் நடத்தித் தெரிந்துகொண்டது.

அப்பா வங்கியில் வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வு, வாங்கியபோது உனக்குப் பதின்மூன்று வயது. ஊருக்கு வந்துவிட்டார் என்ற சந்தோஷம் மட்டும்தான் உனக்கு நினைவிருக்கும். 2000 கடைசியில் பொதுத்துறை வங்கிகளில் அந்தத் திட்டம் வந்தது. 15 வருஷ சர்வீஸ் அல்லது 40 வயது இருந்தால் கேட்கலாம். முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மிச்சமிருக்கும் மாதங்களுக்கான சம்பளம், இதில் எது குறைவோ அது. நாடு முழுக்க ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வெளியே வந்தார்கள். அப்பாவுக்கு 22 வருஷம், 44 மாதச் சம்பளம் வந்தது. அதோடு பென்ஷனும் இருந்தது. இந்தப் பென்ஷன் விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

அப்போது அவர் பீகாரில் இருந்தார். நான் இங்கே பள்ளிக்கூடமும் உங்கள் இரண்டு பேரும் பாட்டியுமாக இருந்தேன். தீபாவளிக்கு ஒரு தடவை, மே மாதம் ஒரு தடவை வருவார். தம்பி அவரை 'வாங்க' என்று கூப்பிட்டு நாற்காலி போட்டான், விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி. அன்றைக்கே அவர் மனதில் முடிவு பண்ணியிருக்க வேண்டும். தாத்தாவின் நிலத்தைத் திரும்ப உழ வேண்டும் என்பது அவருக்குச் சின்ன வயசிலிருந்தே இருந்தது. நிலமும் ஆச்சு, பிள்ளைகளும் ஆச்சு என்றுதான் எனக்கும் எழுதினார், கிட்டத்தட்ட உன்னை மாதிரியேதான்.

2001-ல் ஜூன் 12-ந் தேதி மேட்டூர் அணை திறந்தது, தண்ணீர் வந்தது. அந்த ஒரு வருஷம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. 2002-ல் ஜூன் 12 வந்தது, தண்ணீர் வரவில்லை. 2003-லும் வரவில்லை. நாம் புது ஆற்றின், அதுதான் கல்லணைக் கால்வாயின், கடைமடை. மேலே ஆற்றில் வந்தாலும் நம் வாய்க்காலுக்கு வர நாள் பிடிக்கும், வராத வருஷத்தைக் கேட்கவே வேண்டாம். வி.ஆர்.எஸ். பணத்தில் ஒரு பகுதி போர்வெல் போடப் போனது. மீதியை வட்டிக்குப் போட்டோம். 2000-ல் 11 சதவீதம் கொடுத்த அஞ்சலக மாத வருமானத் திட்டம் 2003-ல் 8 சதவீதத்துக்கு வந்துவிட்டது. வங்கி டெபாசிட் அதைவிட மோசம். வங்கிக்காரருக்கே வட்டி இப்படி இறங்கும் என்று தெரியவில்லை.

அந்த 2003-ல்தான் நீ பத்தாவது போனாய். ஜூலையில் நாங்கள் வேலைநிறுத்தம் செய்தோம். அரசு ஊழியர், ஆசிரியர் என்று ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒரே வீச்சில் வேலைநீக்கம். அந்தப் பட்டியலில் நானும் இருந்தேன். உங்களிடம் 'ஸ்கூல் லீவு' என்று சொன்னது நினைவிருக்கிறதா? அப்போது அப்பா பட்டுக்கோட்டையில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்கு எழுதப் போனார். வங்கியில் அதிகாரியாக இருந்தவர், முன்பு அவரிடம் கடன் கேட்டு நின்றவர்கள் மூட்டை போடும் கடையில் பலகையில் உட்கார்ந்து பேரேடு எழுதினார். அதைப் பற்றி அவர் வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போவார், அதே வங்கிக்குப் போகிற மாதிரி. பிறகு நாங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினோம். அவரும் கமிஷன் கடையை விட்டார்.

இதை உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. வேலையை விட்டு மண்ணுக்கு வந்தவர்களைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள், யூடியூபில் நீயே அனுப்பியிருக்கிறாய். அதில் எல்லாம் அந்த வீட்டில் இன்னொருவர் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பதை யாரும் சொல்வதில்லை. அப்பாவின் விவசாயம் நடந்தது என் சம்பளத்தில். எனக்கு அதில் குறை எதுவும் இல்லை, ஆனால் அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளவில்லை. தானாக நடந்தது. நீ மாப்பிள்ளையிடம் வாய்விட்டுப் பேசு. அவர் சம்பளத்தில் வீட்டுக்கடன் தவணை போக எவ்வளவு, எத்தனை வருஷம், அவருக்கும் ஓர் ஆசை இருந்தால் அதன் முறை எப்போது, எல்லாவற்றையும் கேள்.

அதோடு இன்னொன்று. மாப்பிள்ளை சென்னையிலேயே இருப்பார், வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுவார் என்கிறாய். பிள்ளைகளோடு அம்மா இருப்பதற்காக அப்பாவைப் பிரித்து வைக்கிற ஏற்பாடு இது. நாற்காலி போட்டது உன் தம்பி, ஞாபகம் வைத்துக்கொள். வாரத்தில் இரண்டு நாள் அங்கே போனால் போதும் என்று அவர் அலுவலகத்தில் சொல்வார்களா என்று கேட்டுவிட்டு மார்ச் மாதத்தைப் பற்றிப் பேசு.

இனி அப்பா ஊருக்கு வந்து உங்களோடு இருந்த லட்சணத்தைச் சொல்கிறேன். மோட்டார் ஓட்ட மும்முனை மின்சாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு வரும். டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவார். விடிந்தால் ஆள் பார்க்க, உரம் பார்க்க. நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது திண்ணையில் தூங்கிக்கொண்டிருப்பார். பீகாரில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து உங்கள் இரண்டு பேரிடமும் பத்து நிமிஷம் பேசுவார். அந்தப் பத்து நிமிஷமும் ஒரே வீட்டில் இருந்தபோது காணாமல் போயிற்று. நான் சண்டை போட்டேன். உன் பத்தாவது முடிந்த வருஷம் பாதி நிலத்தைக் குத்தகைக்கு விட்டார், மனசில்லாமல்தான். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் தினமும் சாயங்காலம் உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாரே, அது அந்தப் பாதி நிலத்தை விட்டுக்கொடுத்ததால் கிடைத்த நேரம். உனக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன்.

சரி, செக்குக்கு வருவோம். நீ அனுப்பிய கணக்குத் தாளை அப்பா பிரிண்ட் எடுத்து வரச் சொல்லிப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு இரண்டு கிலோ பருப்பு என்று போட்டிருக்கிறாய். மரச்செக்கில் இரண்டே கால், இரண்டரை ஆகும். இரும்புச் செக்கு, எக்ஸ்பெல்லர் பிழிகிற அளவுக்கு வாகை மரம் பிழியாது, அதனால்தானே உனக்கு அது பிடித்திருக்கிறது. எள்ளுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, அதோடு ஆட்டும்போது சேர்க்கும் கருப்பட்டியின் விலையும் சேர்த்துக்கொள். கொப்பரையில் மட்டும்தான் தாராளமாக எண்ணெய் வரும். லாபம் எண்ணெயில் நிற்காது, புண்ணாக்கில் நிற்கும் என்கிறார். அதனால் சென்னைக்கு பாட்டில் அனுப்புவதை யோசிப்பதற்கு முன்னால் இங்கே யார் யார் வீட்டில் மாடு இருக்கிறது என்று பார்.

முக்கியமானது காலம். நம் பக்கம் மார்கழிப் பட்டத்துக் கடலை பங்குனி, சித்திரையில் வரும். எள்ளும் கோடையில்தான். விலை குறைவாக இருக்கும்போது வருஷத்துக்கும் சேர்த்து வாங்கிக் காயவைத்துக் கட்டிவைக்க வேண்டும். அதில் பெரிய பணம் முடங்கும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் நஞ்சு எண்ணெயிலும் இறங்கும், புண்ணாக்கிலும் இறங்கும், இதில் அலட்சியமே கூடாது. ஆக, பிள்ளைகளுக்குக் கோடை லீவு விடும் நாளில்தான் உனக்குக் களத்தில் வேலை. தீபாவளிக்கு முன்னால் ஊரே கூலிக்கு ஆட்டக் கடலையைத் தூக்கிக்கொண்டு வரும். பிள்ளைகள் பட்டாசுக்கு உன்னைத் தேடும்போது நீ செக்கடியில் நிற்பாய். அதனால் நான் சொல்வது, ஆரம்பத்திலேயே பாதியாக ஆரம்பி. ஒரே செக்கு. மதியம் மூன்று மணிக்கு மேல் ஓட்டுவதில்லை என்று போர்டு எழுதி வை. கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். பரவாயில்லை.

அந்த போர்டு வேறு ஒரு காரணத்துக்காகவும் வேண்டும். அப்பா வேலையை விட்ட மறுநாள் ஊர் அவரை விவசாயி என்றது. நீ விட்டால் 'பிள்ளைகளுக்காக விட்டுட்டா, வீட்லதான் இருக்கா' என்பார்கள். செக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்து, 'சும்மாதானே இருக்க, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வா' என்பார்கள். சொந்தக்காரர்கள் மட்டும் இல்லை, நானே சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் போர்டைக் காட்டு.

பணத்தைப் பற்றி அப்பா எழுதச் சொன்னவை. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, சட்டப்படி அதற்குக் கணக்கில் வரும் கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருஷத்தால் பெருக்க வேண்டும். நீ மொத்தச் சம்பளத்தை வைத்துப் போட்டிருக்கிறாய், அவ்வளவு வராது. பி.எஃப். பணத்தைச் செக்கில் போடாதே. வேலையை விட்ட பிறகு அதில் சேரும் வட்டிக்கு வரி உண்டு, இருந்தாலும் அங்கேயே கிடக்கட்டும். பி.எஃப். பென்ஷன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், அதற்கு 15,000 ரூபாய்தான் சம்பள உச்சவரம்பு. உன் சர்வீஸுக்கு 58 வயதில் மாதம் மூவாயிரத்தைத் தொடாது. அப்பாவுக்குத் தண்ணீர் வராத வருஷத்திலும் ஒன்றாம் தேதி பென்ஷன் வந்தது, உனக்கு அப்படி ஒன்று கிடையாது. கம்பெனி இன்சூரன்ஸும் வேலையோடு போய்விடும். வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனியாக ஒன்று எடு. முன்பே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வைப்பார்கள், உனக்குத் தைராய்டு இருக்கிறது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்து முடித்ததும் அப்பாவும் நானும் தோப்புக்குப் போனோம். அவர் வைத்த தென்னையில் பாதிக்கு மேல் படுத்துக் கிடந்தது. மறுபடி கன்று வைத்தார், அறுபதைத் தாண்டிய ஆள். வி.ஆர்.எஸ். வாங்கியதற்காக அவர் ஒரு நாளும் வருத்தப்பட்டுப் பேசியதில்லை. வருத்தம் இருந்தாலும் சொல்ல மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதனால் அவரை உதாரணமாக வைத்து நீ எதையும் முடிவு பண்ணாதே. என்னைக் கேட்டால், அவர் வந்தது நல்லதுதான். பீகாரிலேயே ரிட்டயர் ஆகியிருந்தால் உங்களுக்கு ஒரு பணம் அனுப்பும் மனிதரைத்தான் தெரிந்திருக்கும்.

அப்பா நேற்று மின்வாரிய அலுவலகம் போய் விசாரித்துவிட்டு வந்தார். கொல்லையில் இருக்கும் இலவச விவசாய இணைப்பில் செக்கு ஓட்டக் கூடாதாம், தனி இணைப்பு வாங்க வேண்டும். ரோட்டோரத்துக் கொட்டகையை அளந்தும் வைத்திருக்கிறார். கூரை ஒழுகுகிறது, சித்திரைக்கு முன்னால் ஆள் கூப்பிட வேண்டும்.

பொங்கலுக்கு நான்கு பேரும் வாருங்கள். மாப்பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசுவோம். வீட்டுக்கடன் பத்திர நகலையும், இந்த வருஷத்துச் சம்பளச் சீட்டு ஒன்றையும் எடுத்து வா. அப்பாவின் பிரஷர் மாத்திரை இங்கே போன மாதம் கிடைக்கவில்லை, அதில் இரண்டு அட்டை. பெரியவளுக்குப் பாவாடை தைக்கக் கொடுத்திருக்கிறேன், இடுப்பு அளவு மட்டும் போனில் சொல்லு.

அன்புடன்,
அம்மா