காய்ச்சல் நோயாளிகளை முதலில் பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

சளி, இருமல், காய்ச்சல் என்று உங்களிடம் வருவோரில் பெரும்பாலோர் ஓய்விலேயே தேறிவிடுகிறார்கள். அவர்களுக்கு நடுவே எப்போதாவது ஒருவர் இதயத்தசை அழற்சியோடு வந்து நிற்கிறார். அவரைத் தவறவிடாதீர்கள் என்பதே இதயநோய்ப் பிரிவில் பணியாற்றும் என் வேண்டுகோள்.

இன்ஃப்ளுயன்சா, அடினோவைரஸ், கோவிட் ஆகிய மூன்று தொற்றுகளுமே இதயத்தசையைப் பாதிக்கக்கூடியவை. வைரஸ் நேரடியாகச் செல்களைக் கெடுப்பதும் உண்டு. அதை எதிர்க்கக் கிளம்பிய நோயெதிர்ப்பாற்றலே தசையையும் சேர்த்துச் சிதைப்பதும் உண்டு. அதனால்தான் காய்ச்சல் தணிந்து, வீட்டார் நிம்மதி அடைந்த பிறகும் நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சிரைப்பு ஆகியவை தலைகாட்டுகின்றன.

நாடியைப் பொறுமையாக எண்ணிப் பாருங்கள். உடல்வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 கூடும் என்பது நாம் அறிந்த கணக்கு. வெப்பம் 37 டிகிரிக்கு இறங்கி, அமைதியாகப் படுத்திருக்கும் இளைஞருக்கு நாடி 125 என்று ஓடினால், அதைப் பயத்தின் மீது பழிபோட்டு ஒதுக்கலாகாது. குழந்தைகளிடம் இந்நோய் ஆஸ்துமாவாகவும் நிமோனியாவாகவும் வாந்தி, வயிற்றுவலியாகவும் வேடமிட்டு வருவதுதான் எனக்குப் பெருங்கவலை. நீரிழப்பு என்று எண்ணி வேகமாக ஏற்றும் டிரிப்ஸ், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இதயத்தின் மீது மேலும் சுமையை ஏற்றிவிடும். ஆகவே டிரிப்ஸ் போடுமுன், இதயத் தளர்ச்சியின் அடையாளமாகக் கல்லீரல் வீங்கியிருக்கிறதா என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஐயம் எழுந்தால் ஈசிஜியும், இதயத்தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் அன்றே செய்யப்பட வேண்டும். ஈசிஜி இயல்பாக இருப்பது மட்டுமே நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. எக்கோவும், வசதியுள்ள இடத்தில் இதய எம்ஆர்ஐயும் தேவைப்படலாம். மயக்கமோ இரத்த அழுத்தக் குறைவோ இருந்தால், முடிவுகளுக்குக் காத்திராமல் தீவிர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள்.

நோய் உறுதியானவர்கள் வழக்கமாக 3 முதல் 6 மாதங்கள் வரை விளையாட்டுப் போட்டிகளையும் கடும் உடற்பயிற்சியையும் தவிர்க்க வேண்டும். அழற்சி ஆறாத தசையை வருத்தினால் துடிப்புக் கோளாறு ஏற்பட்டு, திடீர் மரணம்கூட நேரலாம். நன்றாக இருப்பதாக உணரும் இளைஞர்கள் இதை வாய்மொழியாகக் கேட்டு மறந்துவிடுகிறார்கள். எனவே, எப்போது மறுபரிசோதனை, அதுவரை எதையெல்லாம் செய்யக்கூடாது என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் தெளிவாக எழுதிக் கொடுக்கும்படி உங்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சக மருத்துவர்