சாஃப்ட்பால் அணிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

சனிக்கிழமை ஆட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுதுகிறேன். நானும் அங்கே உங்களோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

ஒருவர் அவுட். இரண்டாவது பேஸில், அதாவது ஓடுபவர் வரிசையாக மிதித்துச் செல்ல வேண்டிய இடங்களில் இரண்டாவதில், நம் பிள்ளை. அடித்த பந்து உயரே எழும்பியதும் வேப்பமரத்தடியில் இருந்த எல்லோரும் "ஓடு, ஓடு" என்று கத்தினோம். அவளும் ஓடினாள். மூன்றாவது பேஸை நெருங்கும்போது எதிரணியினர் பந்தைக் கேட்ச் பிடித்துவிட்டார்கள்; அடித்தவள் அவுட், அது இரண்டாவது. அங்கிருந்து பந்து இரண்டாவது பேஸுக்கு வந்தது. அங்கே நின்ற எதிரணிப் பிள்ளை பந்தோடு பேஸை மிதித்து அம்பயரிடம் முறையிட்டாள். மூன்றாவது அவுட், இன்னிங்ஸ் முடிந்தது.

"பிள்ளையை யாரும் தொடவே இல்லையே, எப்படி அவுட்?" என்று சில பெற்றோர் அம்பயரிடம் சத்தம் போட்டார்கள். அம்பயர் சொன்னதுதான் சரி. பந்து தரையில் படாமல் பிடிபட்டால், ரன்னர் (பேஸில் இருந்து ஓடுபவர்) தான் நின்ற பேஸைத் திரும்ப மிதித்த பிறகே முன்னேற முடியும். அதற்குள் பந்து அந்தப் பேஸுக்கு வந்துவிட்டால் ஆளைத் தொட வேண்டியதே இல்லை. கிரிக்கெட்டில் ஸ்டம்பைத் தட்டினால் ரன் அவுட் கொடுக்கிறார்களே, அதுபோலத்தான். பேஸை மிதித்தபடி காத்திருப்பவர், பந்து ஃபீல்டரின் கையில் பட்ட அந்த நொடியிலிருந்து ஓடலாம். அதனால்தான் கெட்டிக்கார ரன்னர் உயரப் பந்தைப் பார்த்ததும் ஓடாமல், பேஸில் ஒரு காலை வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

இன்னொன்று. "ஏன் பேஸிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறாள்?" என்று ஒரு அம்மா கேட்டார். பேஸ்பாலில் முன்கூட்டியே சில அடி நகர்ந்து நிற்பார்கள். சாஃப்ட்பாலில் பிட்சரின் (பந்து வீசுபவரின்) கையைவிட்டுப் பந்து கிளம்பும் முன் காலை எடுத்தாலே அவுட். அப்புறம், பிட்சர் பந்தோடு தன் 8 அடி ஆர வட்டத்துக்குள் நிற்கும்போது ரன்னர் நடுவழியில் தயங்கக் கூடாது. உடனே முன்னே போக வேண்டும், இல்லையென்றால் திரும்ப வேண்டும்.

இதையெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிவு செய்ய வேண்டியவள் அந்தப் பிள்ளை. மூன்றாவது பேஸ் அருகே நிற்கும் பயிற்சியாளரின் குரல் ஒன்றுதான் அவள் காதில் விழ வேண்டும். அன்று விழவில்லை. ஆட்டம் முடிந்து, "அப்பா கத்தினாரே என்றுதான் ஓடினேன் மிஸ்" என்று அழுதாள்.

கைதட்டுங்கள், பெயர் சொல்லி உற்சாகப்படுத்துங்கள். "ஓடு", "நில்" மட்டும் வேண்டாம். வரும் வெள்ளி மாலை 4.30 மணிக்கு உடற்கல்வி ஆசிரியை மைதானத்தில் இவற்றைச் செய்து காட்டுவார். அவசியம் வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை