நெல்வேலிக்காரர் கொடுத்த குகை

அன்பு நண்பா,

நலம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அதற்காகவே இந்த நடையைப் பற்றி உனக்கு எழுதத் தயங்கினேன். ஆனால் அங்கே உன் ஊர்ப் பெயரைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன ஞாயிறு மதுரைக்குப் பக்கத்திலுள்ள அரிட்டாபட்டிக்குப் போயிருந்தேன். மேலூர் சாலையில் நரசிங்கம்பட்டியில் பிரிந்து உள்ளே போக வேண்டும். கண்மாய்களையும் வயல்களையும் பார்த்தபடி நடந்து கழிஞ்சமலைக்குப் போனோம். சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளம் அங்கேதான் இருக்கிறது. குகை என்றதும் இருட்டை நினைக்காதே. முன்னால் நீண்டு கவிந்த பாறை, அவ்வளவுதான். பாறையின் நெற்றியில் நீளமாகக் காடி வெட்டியிருக்கிறார்கள். மேலிருந்து வழியும் மழைநீர் அந்தக் காடியோடு அறுபட்டு வெளியே சொட்டிவிடும், உள்ளே படுத்திருப்பவர் நனைய மாட்டார். அந்த ஒரு கோட்டை வெட்டியவரின் கரிசனத்தை நினைத்து வெகுநேரம் அண்ணாந்தபடியே நின்றேன்.

அங்கேதான் தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. 'நெல்வெளிஇய் சிழிவன் அதினன் வெளியன்' என்று தொடங்குகிறது. நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் இந்தக் குகையைச் செய்வித்துக் கொடுத்தான் என்று பொருள் சொல்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு உங்கள் ஊர்க்காரர் ஒருவர், இத்தனை தூரம் தள்ளி, யாரோ துறவிகள் தலைசாய்க்க இடம் செய்து கொடுத்திருக்கிறார்! உள்ளே படுத்தவர் யார் என்று அந்த வரியில் இல்லை. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யார் வந்தாலும் படுக்கலாம் என்பதுபோல இருந்தது.

பக்கத்திலேயே பாறையில், சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர் ஒருவரின் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. பல நூற்றாண்டு கழித்து வந்தது, அதன் கீழ் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு. சிவனுக்கு ஒரு குடைவரையும் உண்டு. அதை இன்னொரு நாள் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2022 நவம்பரில் இந்த ஊரையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து ஏறத்தாழ 193 ஹெக்டேரைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இருந்தும் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று செய்தி வந்தது உனக்கு நினைவிருக்கும். அதை எதிர்த்து நரசிங்கம்பட்டியிலிருந்து மக்கள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரியில் சுரங்கத்துக்கான ஏலம் ரத்தானது. வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "மலை போனா கண்மாய்க்குத் தண்ணி எங்கிட்டிருந்து வரும்?" என்றார். மலையில் விழும் மழைதானே கண்மாய்க்கு இறங்குகிறது!

ஒன்றுதான் மனதை அறுத்தது. பழைய எழுத்து இருக்கும் பாறையில் சிலர் ஆணியால் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். அதைத் தடவிப் பார்க்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

மழை ஓய்ந்ததும், தை பிறந்த பிறகு வா. பேரனையும் அழைத்து வா. ஏற்றம் பெரிதில்லை, கம்பு ஊன்றி மெதுவாக ஏறலாம். கல்வெட்டைத் தொடாமல், அந்த 'நெ' எழுத்தை அவனைக் காற்றில் விரலால் எழுதச் சொல்வோம்.

உன் பழைய அறைத் தோழன்