கேள்வி எழுதப் பழகும் உன் மருமகனுக்காக

அன்புள்ள முருகேசன்,

உன் கடிதம் வந்தது. சரோஜாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல், அடுப்பங்கரைப் பக்கம் கொஞ்ச நாள் போக வேண்டாம். இங்கே என் முட்டிவலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பேத்தி இந்தியில் சண்டை போடுகிறாள், தமிழில் சமாதானமாகிறாள். டெல்லி வெயிலைப் பற்றி எழுதி உன் நேரத்தைக் கெடுக்க மாட்டேன்.

உன் தங்கை மகன் எம்.பி.யிடம் உதவியாளராகச் சேர்ந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அவன் எழுதிய கேள்விகளை அனுப்பி, "அமைச்சகத்தில் உட்கார்ந்து நாடாளுமன்றக் கேள்விக்குக் காலமெல்லாம் பதில் எழுதினவன்தானே, பார்த்துச் சொல்" என்றிருக்கிறாய். பார்த்தேன். பையனுக்கு நல்ல மனசு. கேள்விதான் தேறவில்லை.

முதல் கேள்வியையே எடுத்துக்கொள். 'எல்லையைக் காத்த வீரர்கள் ஓய்வுக்குப் பின் படும் துயரத்தை அரசு அறியுமா? அறியுமெனில், எடுத்த நடவடிக்கை என்ன?' இப்படி ஒரு கேள்வி எங்கள் பிரிவுக்கு வந்தால் அன்றைக்கு எங்களுக்குப் பண்டிகை. அமைச்சரோ இணைச் செயலாளரோ யோசிக்கவே வேண்டாம். 'முன்னாள் படைவீரர் நலனில் அரசு உறுதியாக உள்ளது' என்று ஆரம்பித்து, ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் 2014 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, மருத்துவத் திட்டம் 2003 முதல் இருக்கிறது என்று இரண்டு பக்கம் அடித்துக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். அதில் ஒரு வரிகூடப் பொய் இருக்காது, கேட்டவருக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது. 'துயரம்' என்ற சொல்லை நாடாளுமன்றச் செயலகமே அடித்துவிடவும் கூடும். கேள்வியில் வாதம், கிண்டல், ஊகம் எதுவும் கூடாது என்பது விதி.

அதையே இப்படிக் கேட்டால்? 'மார்ச் 31 அன்று ஆறு மாதத்துக்கு மேல் நிலுவையில் உள்ள குடும்ப ஓய்வூதிய விண்ணப்பங்கள் எத்தனை? கடந்த மூன்று ஆண்டுகளுக்கு, மாநில வாரியாக. அவற்றில் மிகப் பழையது எந்தத் தேதியிட்டது?' இப்போது பிரிவு அதிகாரிக்கு வேர்க்கும். அட்டவணை போட்டே ஆக வேண்டும். எல்லா ஊர்க் கிளைக்கும் தகவல் பறக்கும், அங்கே மேஜைக்கு அடியில் கிடக்கும் கட்டுகளை எண்ணுவார்கள். எண்ணும்போதே சிலதைத் தீர்த்தும் வைப்பார்கள், கணக்கில் நிலுவை குறைவாகத் தெரியட்டும் என்று. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பதில் அவைக்குப் போகும் முன்பே எங்கேயோ ஒரு விதவைக்குப் பாக்கிப் பணம் வந்து சேரும். அந்த அம்மாளுக்கு நாடாளுமன்றத்தில் கேள்வி வந்ததே தெரிந்திருக்காது.

பையன் நட்சத்திரக் கேள்விக்குத்தான் ஆசைப்படுகிறான். எம்.பி. எழுந்து நின்று கேட்க, அமைச்சர் பதில் சொல்ல, டி.வி.யில் வரும், ஊரில் பேர் கிடைக்கும். தப்பில்லை. ஆனால் மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்வி பட்டியலில் வந்தாலும் ஒரு மணி நேரத்தில் நாலைந்தைத் தாண்டுவதே அபூர்வம். அமளி என்றால் அதுவும் போச்சு. எழுத்துப்பூர்வமான பதில் வாங்கும் கேள்விகள் ஒரு நாளுக்கு 230. அமளி நடந்தாலும் அந்தப் பதில்கள் அவையில் வைக்கப்பட்டுவிடும். 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்தபோதும் எழுத்துப் பதில்கள் வந்தன. அப்போதுதான் தொழிலாளர் அமைச்சகம், ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த தொழிலாளர்களைப் பற்றி அப்படிப்பட்ட விவரம் எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தது. அந்த ஒரு வரி நாடு முழுக்கச் செய்தியானது. 'தெரியாது' என்று ஓர் அரசின் கையெழுத்தில் வாங்குவதும் பெரிய காரியம்தான், முருகேசா.

பாதுகாப்பு விஷயத்தில் இன்னொரு சுவர் உண்டு: தேசப் பாதுகாப்பு கருதி வெளியிட இயலாது. இதை எல்லா நேரமும் சாக்கு என்று சொல்ல மாட்டேன். எந்த ஏவுகணை எங்கே நிற்கிறது என்று அவையில் கேட்பது மடத்தனம். ஆனால் சுவர் ஒரே இடத்தில் நிற்பதில்லை, அதுதான் வேடிக்கை. 2016 நவம்பரில், பிரான்சிடம் வாங்கும் ரஃபேல் போர் விமானம் ஒன்று சுமார் 670 கோடி ரூபாய் என்று மக்களவையில் எழுத்துப் பதில் வந்தது. 2018 பிப்ரவரியில் மாநிலங்களவையில் விலை கேட்டபோது இரு அரசுகளுக்கு இடையிலான ஒப்பந்தப்படி சொல்ல முடியாது என்றார்கள். முதலில் சொன்னது ஆயுதமும் கூடுதல் வசதிகளும் சேராத வெறும் விமானத்தின் விலை என்று விளக்கம் வந்தது. இருக்கலாம். மறு வருஷம் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையிலும் விலை எண்கள் மறைக்கப்பட்டே வந்தன. ஒரு பழைய பதில் கையில் இல்லாவிட்டால் இந்த முரண்பாடு யார் கண்ணிலும் பட்டிருக்காது. அதனால் பையனிடம் சொல்: கேள்வி எழுத உட்காருமுன் பழைய பதில்களைத் தேடிப் படிக்கட்டும்.

பாதுகாப்புக்கு எவ்வளவு செலவு என்று மொத்தத் தொகையைக் கேட்டிருக்கிறான், அது வேண்டாம். கைக்கெட்டும் ஆவணத்தில் இருப்பதைக் கேள்வியாகக் கேட்கக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் 6.81 லட்சம் கோடி, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அதில் ஏறக்குறைய 1.61 லட்சம் கோடி ஓய்வூதியம். நூறு ரூபாயில் கிட்டத்தட்ட 24 ரூபாய். இது பாதுகாப்புச் செலவா, நலச் செலவா? மேடையில் ராணுவ பலம் பேசுகிறவர் முழுத் தொகையைச் சொல்வார், நவீன ஆயுதத்துக்குப் பணம் போதவில்லை என்கிறவர் ஓய்வூதியத்தைக் கழித்துவிட்டுச் சொல்வார். எம்.பி. இரண்டையும் பிரித்துக் கேட்க வேண்டும்: கருவிகள் வாங்க ஒதுக்கியதில் செலவானது எவ்வளவு, திருப்பிக் கொடுத்தது எவ்வளவு.

அவனுடைய முதியோர் உதவித்தொகைக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, விஷயத்துக்காக. மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80 தாண்டினால் 500. 2007-இல் திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயர் வைத்தபோதும் அந்த 200தான், இன்றும் அதே 200. நம் ஊர்க் கிழவிக்கு 1,200 வருகிறதென்றால் மிச்ச ஆயிரம் மாநிலம் போடுவது. 'உயர்த்துவீர்களா?' என்று கேட்டிருக்கிறான். 'தற்போது அத்தகைய முன்மொழிவு ஏதுமில்லை' என்று ஒரே வரியில் முடிப்பார்கள். அதற்குப் பதிலாக, தொகையை உயர்த்தச் சொல்லி நாடாளுமன்றத்தின் ஊரக வளர்ச்சி நிலைக்குழு எந்தெந்த அறிக்கையில் பரிந்துரைத்தது, ஒவ்வொன்றின் மேலும் என்ன முடிவெடுத்தார்கள், எந்தத் தேதியில் என்று கேட்கட்டும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் தனித்தனியாக 'இல்லை' என்று எழுத எந்த அதிகாரிக்கும் கை கூசும். எனக்குக் கூசியிருக்கிறது.

'தகவல் சேகரிக்கப்பட்டு அவையில் வைக்கப்படும்' என்று பதில் வந்தால் பையன் சோர்ந்துவிடக் கூடாது. அது அமைச்சர் அவைக்குக் கொடுத்த உறுதிமொழி என்று கணக்கில் சேரும், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவையின் உறுதிமொழிக் குழு கேட்கும். ஒரு நோட்டுப் போட்டுத் தேதி குறித்துவைக்கச் சொல். பெரும்பாலான எம்.பி. அலுவலகங்கள் இதைச் செய்வதே இல்லை.

எத்தனை கேள்வி கேட்டார் என்ற எண்ணிக்கைப் போட்டியில் இறங்க வேண்டாம். யாராவது கேள்வியை எழுதியே கொண்டுவந்து கொடுத்தால் நூறு முறை யோசிக்கட்டும். 2005 டிசம்பரில் கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக 11 எம்.பி.க்களின் பதவி போனது.

ஆளுங்கட்சியில் இருந்துகொண்டு என்ன கேட்டுவிட முடியும் என்று அவன் அலுத்துக்கொள்வதாக எழுதியிருந்தாய். பெரோஸ் காந்தியைப் பற்றி எடுத்துச் சொல். காங்கிரஸ்காரர், பிரதமர் நேருவின் மருமகன். 1957 டிசம்பரில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.) தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிகளில் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியதை அவையில் எடுத்தார். கழகத்தின் முதலீட்டுக் குழுவைக் கேட்காமலே வாங்கியிருந்தார்கள். அவர் கத்தவில்லை. பங்கை வாங்கிய தேதி, அன்றைய விலை, யார் யாருக்கு எழுதினார் என்று காகிதங்களை வைத்துக்கொண்டு பேசினார். நீதிபதி சாக்ளா விசாரித்தார், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். நம் தென்சென்னைத் தொகுதிக்காரர், கெட்டிக்காரர், அவருக்காக அப்பா வருத்தப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது. நாலு வருஷத்தில் மறுபடி அமைச்சரவைக்கு வந்தார், அது வேறு கதை.

பையன் டெல்லியில்தானே இருக்கிறான், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல். சாம்பார் சாதம் போட்டு மிச்சத்தைப் பேசுகிறேன். கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும், கூட்டத்தொடர் தேதி அறிவித்தபின் ஓடி வந்தால் திருத்த நேரம் இருக்காது. வரும்போது எம்.பி.யின் தொகுதியிலிருந்து வந்த மனுக்களில் பத்தையாவது கையோடு எடுத்து வரட்டும். கேள்விகளை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

உன்,
ராமநாதன்