இரணைமடுத் தண்ணீர்: மழை பொய்த்த வருஷத்துக்கு என்ன எழுதுவோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

காவிரிச் செய்தி வரும்போதெல்லாம் யாழ்ப்பாணத்தில் நாங்கள் தஞ்சாவூர்க் கமக்காரர் பக்கம்தான் கதைப்போம். என் மனமும் அங்கேதான். ஆனால் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை இங்கே குடிக்கக் கொண்டுவரும் பேச்சில் நாங்கள் தஞ்சாவூர் அல்ல, கமக்காரரின் தண்ணீரைக் குடிக்கக் கேட்கும் பெங்களூர். இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதாக இல்லை.

2018 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழ்நாட்டின் பங்கை 419 டி.எம்.சி.யிலிருந்து (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) 404.25 ஆகக் குறைத்தது. கர்நாடகத்துக்குப் போன 14.75இல் 4.75 பெங்களூரில் குடிப்பதற்கு. மிச்சம் 10, தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் இருக்கிறது என்று கழித்தது.

குடிதண்ணீருக்கு முதலிடம், சரி. ஆனால் எங்கள் நிலத்தடி நீரையும் கணக்கில் எடுக்கத்தானே வேண்டும்? நான் கோப்பாயில் வெங்காயம் செய்கிறவன். தோட்டங்களில் போடும் யூரியா சுண்ணாம்புக்கல் வழியே கிணறுகளுக்குள் இறங்குகிறது. மாரி வெள்ளத்தைத் தேக்க வேண்டிய குளங்கள் தூர்ந்து கிடக்கின்றன. இவற்றைத் திருத்தாமல் கிளிநொச்சியிடம் போய்க் கேட்பதற்கு எங்களுக்கு முகம் வேண்டும்.

அக்கா உருத்திரபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர். இரணைமடுவின் கீழ் வயல். குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துத்தான் அங்கே சிறுபோகத்தில், அதாவது கோடை நெற்செய்கையில், எத்தனை ஏக்கர் என்று முடிவு செய்வார்கள். "மழை பொய்த்தால் முதலில் யாருக்குக் குறைப்பீங்கள்?" என்று அத்தான் கேட்கிறார். நியாயமான கேள்வி. காவிரியிலும் மொத்தம் 740 டி.எம்.சி. என்ற கணக்கு சாதாரண வருஷத்துக்குத்தான். குறைந்தால் விகிதப்படி குறைக்கவேண்டும் என்று தீர்ப்பில் இருந்தும், மாதாமாதம் எவ்வளவு என்பதில் ஒத்துப்போகாமல் 2023இலும் பெங்களூரில் கடையடைப்பு நடந்தது.

யாழ்ப்பாண மாவட்டத்துத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறந்தாயிற்று, இனி இரணைமடு எதற்கு என்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கு மின்சாரம் நிறைய வேண்டும். மாரியில் இரணைமடுவின் வான்கதவு திறந்து வீணாகக் கடலுக்கு விடும் தண்ணீரில் ஒரு பங்கைக் கேட்பதில் தவறில்லை.

ஆகவே எழுத்தில் ஓர் உடன்படிக்கை வேண்டும். குளம் எத்தனை அடிக்கு மேல் நின்றால் யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர், எத்தனை அடிக்குக் கீழே போனால் ஒரு சொட்டும் இல்லை என்பது அதில் இருக்கவேண்டும். எங்களுக்குத் தந்ததால் சிறுபோகத்தில் ஏக்கர் குறைந்தால், அந்தக் கமக்காரருக்கு நட்டஈட்டை யாழ்ப்பாணத்துத் தண்ணீர்க் கட்டணத்திலிருந்தே கொடுக்கவேண்டும். இந்த அடிக் கணக்கை நிர்ணயிக்கும்போது மேசையில் கிளிநொச்சிக் கமக்கார அமைப்புகள் முதலில் இருக்கட்டும்.

கோப்பாய்க் கமக்காரர் ஒருவர்