பேத்தி தவழும் தரை

பாளையங்கோட்டை

அன்புள்ள முத்துக்குமார்,

நீயும் கவிதாவும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, சாயங்காலம் மைதானம் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார்.

நேற்று போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது, அடுப்பில் குக்கர் இருந்தது. பாப்பா முட்டி போட ஆரம்பித்துவிட்டாள், எதை ஊற்றித் துடைத்தால் கிருமி சாகும் என்று கேட்டாய். எதை ஊற்றுவது என்பதெல்லாம் அப்புறம். எந்தத் தண்ணீரில் துடைக்கிறாய் என்பதை முதலில் பார். அன்றைக்கு வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டினாயே, அப்போது பால்கனியில் உங்கள் மாப் பக்கெட்டைப் பார்த்தேன். தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது, மாப் அதிலேயே தலைகுப்புற ஊறிக்கொண்டிருந்தது. பத்துப் பேர் கை கழுவிய கிண்ணத்தில் பதினோராவது ஆளாகப் போய் நீ கை கழுவுவாயா? ஹாலில் எடுத்த அழுக்கைப் படுக்கையறையில் பூசி, அதை அடுக்களையில் பூசி, பினாயில் வாசனை வந்துவிட்டது, வீடு சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம். வாசனை மூக்குக்கு மட்டும்தான்.

ஆஸ்பத்திரி வார்டில் எங்களுக்கு மூன்று பக்கெட் முறை என்று ஒன்று உண்டு. ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் மாப்பை அலச வெறும் தண்ணீர், மூன்றாவதில் கிருமிநாசினி. கறுத்துவிட்டால் தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும். வீட்டுக்கு மூன்று வேண்டாம், இரண்டு போதும். ஒரு பக்கெட்டில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் அலசுகிற தண்ணீர். முதலில் அலசிப் பிழிந்துவிட்டு, அப்புறம்தான் சோப்புத் தண்ணீரில் மாப்பை முக்க வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் அலசுகிற தண்ணீரை மாற்றச் சொல். சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்குப் போக வேண்டும். படுக்கையறை முதலில், அடுக்களை அப்புறம், வாசற்பக்கம் கடைசி. உள் மூலையிலிருந்து கதவைப் பார்த்துப் பின்னாடியே வந்தால் துடைத்த இடத்தில் மிதிக்க வேண்டி வராது. பாத்ரூமுக்குத் தனி மாப். அதற்கு ஒரு சிவப்புத் துணி சுற்றி வை, யாரும் மாற்றி எடுக்க மாட்டார்கள்.

வேலை முடிந்ததும் மாப் தலையைக் கழற்றி, சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காயப் போட வேண்டும். ஈரத்தோடு மூலையில் நிற்கிற மாப்பில் ராத்திரியில் கிருமி பெருகும், காலையில் அதையே வீடு முழுக்கத் தடவுவோம். உங்கள் பால்கனியில் நல்ல வெயில் அடிக்கிறது. மாப் தலை இரண்டு கூடுதலாக வாங்கிவிட்டால் ஒன்று காயும்போது ஒன்று வேலை செய்யும்.

துடைப்பதற்கு முன்னால் பெருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. உலர்ந்த துடைப்பத்தால் வேகமாக வீசினால் தூசி எழும்பி, துடைத்து முடித்த பிறகு ஆறுதலாக வந்து உட்காரும். வார்டுக்குள் விளக்குமாற்றையே விட மாட்டோம். அந்த வாக்யூம் கிளீனரை வாங்கிய ஆசை தீர்ந்து லாஃப்டில் போட்டிருக்கிறாயே, அதை இறக்கு.

இனி மருந்துக்கு வருகிறேன். தினசரிக்கு சோப்புத் தண்ணீர் போதும். சோப்பு கிருமியை எல்லாம் கொல்வதில்லை, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்த்துப் பெயர்த்து எடுத்துவிடும். அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டால் கிருமியும் வீட்டை விட்டுப் போனது. சோப்பை அள்ளிக் கொட்டினால் தரையில் பிசுபிசுப்பு தங்கும், தூசி இன்னும் ஒட்டும். பாப்பாவோ தரையைத் தொட்ட கையை உடனே வாய்க்குள் வைப்பவள். அவள் விளையாடுகிற இடத்தைக் கடைசியாக வெறும் தண்ணீரில் ஒரு தரம் துடைத்து, காய்ந்த பிறகு விடு.

கடையில் விற்கிற தரைத் திரவங்கள் பலவற்றில் பென்சால்கோனியம் குளோரைடு என்ற மருந்து இருக்கிறது. நுரை வரட்டும் என்று அதோடு துணி துவைக்கிற பவுடரைக் கலப்பது நம் ஊர்ப் பழக்கம். இரண்டும் சேர்ந்தால் மருந்தின் வேலை கெட்டுவிடும். காசு கொடுத்து வாங்கி நாமே கெடுப்பானேன்? லேபிளில் எத்தனை மூடி என்று போட்டிருக்கும், எத்தனை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும் என்றும் போட்டிருக்கும். அடுத்த நொடியே மின்விசிறியைப் போட்டுக் காயவைத்தால் அது வேலை செய்ய நேரம் ஏது?

பாப்பா வாந்தி எடுத்தாலோ, வயிற்றுப்போக்கு தரையில் பட்டாலோ அது வேறு கணக்கு. முதலில் கையுறை போட்டு, டிஷ்யூவால் அள்ளிப் பையில் கட்டிவிடு. சோப்புப் போட்டுத் துடை. அதற்கப்புறம்தான் பிளீச். அழுக்கின் மேலேயே பிளீச்சை ஊற்றினால் அழுக்கே அதன் சக்தியைத் தின்றுவிடும். ஐந்து சதவீதம் என்று போட்ட பாட்டிலாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் ஆகாது. பத்து நிமிடம் ஊறவிட்டு வெறும் தண்ணீரில் துடைத்துவிடு. கரைத்ததை மறுநாளைக்கு வைக்காதே, வீரியம் போய்விடும். வயிற்றைக் கலக்குகிற நோரோ வைரஸ் போன்றவற்றுக்கு ஸ்பிரிட்டும் சாதாரணத் தரைத் திரவமும் அவ்வளவாகக் கேட்காது, பிளீச் கேட்கும்.

பாத்ரூமுக்கு ஊற்றுகிற ஆசிட்டையும் பிளீச்சையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் புழங்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு கழுவிவிட்டு, மூச்சுத் திணறலோடு வந்தவர்களை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். வேலைக்கு வருகிற பெண்ணிடம் இதைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லு. அவளுக்கு நல்ல ரப்பர் கையுறையும் வாங்கிக் கொடு. நம் வீட்டுத் தரைக்காக அவள் கை வெந்துபோக வேண்டாம்.

உன் மாமியார் கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் துடைக்கச் சொன்னதாகக் கவிதா சொன்னாள். வெள்ளிக்கிழமை ஒரு பிடி உப்புப் போட்டால் மனத்துக்கு நிறைவு, தப்பில்லை; அந்த அளவு உப்பில் கிருமி சாகாது. மஞ்சள் மட்டும் வேண்டாம், உங்கள் வெள்ளை டைல்ஸ் இடுக்கில் ஏறினால் வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடிப்பார். ஆச்சி வீட்டில் சாணி மெழுகிய தரையில்தானே நாங்கள் எல்லாம் வளர்ந்தோம் என்று அப்பா சொல்வார். வளர்ந்தவர்கள்தான் அதைச் சொல்ல இருக்கிறார்கள். சாணத்தில் ரணஜன்னி, அதாவது டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பிறந்த குழந்தையைக் கொண்டுபோகிற அந்த நோயை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015-ல்தான் அறிவித்தார்கள். தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் செய்த வேலை அது.

கார்ப்பெட் விரிக்கலாமா என்று கேட்டாய். அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் தர்பூசணி, ரொட்டி எல்லாம் போட்டுப் பார்த்து 2016-ல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். கீழே விழுந்த தின்பண்டத்தை ஐந்து விநாடிக்குள் எடுத்துவிட்டால் கிருமி ஒட்டாது என்பது பொய், ஒரு விநாடிக்குள்ளேயே ஒட்டுகிறது. ஈரமான தர்பூசணியில்தான் அதிகம். வேடிக்கை என்னவென்றால் டைல்ஸை விடக் கார்ப்பெட்டிலிருந்து குறைவாகத்தான் ஒட்டியது. இருந்தாலும் நான் கார்ப்பெட் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பாப்பா அதில் மூத்திரம் போனால் அலசிக் காயவைக்க உங்களுக்கு எங்கே இடம்? மடித்துத் துவைக்கிற பருத்தி ஜமுக்காளம் இங்கே இருக்கிறது, கொடுத்துவிடுகிறேன்.

செருப்பு வாசலுக்கு வெளியே. உன் ஆபீஸ் ஷூவும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இது ஒன்றைச் செய்தாலே துடைக்கிற வேலை பாதி குறையும்.

கிருமியை விட எனக்குப் பயம் அந்தப் பக்கெட்தான். தவழ்கிற பிள்ளை அதைப் பிடித்து எழுந்து, எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது. அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே போதும். சத்தமும் வராது. துடைத்த கையோடு கொட்டிக் கவிழ்த்துவிட வேண்டும், ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்கிற பேச்சே கூடாது. வண்டியில் வருகிற பினாயிலைப் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வாங்கி வைக்காதே. மருந்து பாட்டில்கள் எல்லாம் மேல் அலமாரியில் இருக்கட்டும். தப்பித் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

இதையெல்லாம் கவிதாவின் தலையில் கட்டிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை மாப்பை நீ எடு. உன் ஹாஸ்டல் ரூமை வந்து பார்த்தவள் நான், அதனால் சொல்கிறேன்.

ஜமுக்காளத்தோடு முறுக்கும் கொடுத்துவிடுகிறேன். கட்டிலுக்கு அடியில் எவ்வளவு தூசி என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா